கைதுப் பதிவும் குடிமக்களும்



கற்றோர்க்கு மட்டும் இன்பம் பயக்கும் விஷயங்களோடு நின்றுவிடாமல், தோல் கம்பெனியிலும் ஷூ கம்பெனியிலும் பகலெல்லாம் உழைத்து மாலையில் வீடு திரும்பும் சாமானிய ஜனங்களுக்கு உபயோகப்படும் ஒன்றைப் பற்றியும் இச்சொற்பொழிவுகள் அமைதல் வேண்டும் என்று இவற்றை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் எனக்கு எழுதியிருந்தார்கள். அவ்வாக்கியத்தை மனத்தில் கொண்டே இன்றைய விஷயத்தைத் தேர்ந்தேன். ஒருவரைப் போலீஸார் பிடித்துச் சென்றால், அச்செய்தி எந்த ஏட்டில் எழுதப்படுகிறது, அவ்வேட்டைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு, உரிமை உடையவர் அதை எவ்வாறு பார்ப்பது என்பதே நான் பேச எடுத்துக்கொண்டது. வக்கீல்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று இதைச் சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு வீட்டில் மகன் இரவு திரும்பவில்லை என்றால், முதலில் தெருவில் இறங்கி ஓடுபவள் தாய். வக்கீலுக்குச் சொல்லி அனுப்புவது அதற்குப் பிறகுதான்.

பள்ளிகொண்டாவில் இதைப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது இந்த அவைக்கு நான் செய்யும் அவமரியாதையாகும். 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இவ்வூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் காணவில்லை என்று கொடுக்கப்பட்ட புகாரின்மேல், ஆம்பூரைச் சேர்ந்த தோல் தொழிலாளி ஒருவர், இருபத்தாறு வயது இளைஞர், பள்ளிகொண்டா காவல் நிலையத்தாரால் விசாரணைக்கென அழைத்துச் செல்லப்பட்டார் என்பதே அன்று வெளிவந்த செய்தி. சில நாட்கள் அவரை வைத்திருந்தார்கள் என்றும், அங்கே அவர் கடுமையாகத் தாக்கப்பட்டார் என்றும் குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். வெளியே வந்தபின் நோயுற்று ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாற்றப்பட்ட அவர், ஜூன் 26-ஆம் தேதி சென்னையில் உயிர் நீத்தார். மறுநாள் ஆம்பூரில் மூண்ட கலவரத்தில் தேசிய நெடுஞ்சாலை ஸ்தம்பித்தது, வாகனங்கள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன, தம் கடமையைச் செய்ய நின்ற போலீஸார் பலர், அவர்களில் பெண் காவலரும் அடங்க, காயமுற்றனர். இன்ஸ்பெக்டர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. நடந்தது இன்னது என்று தீர்ப்பளிக்க நான் இங்கே வரவில்லை. அது நியாயஸ்தலத்தின் வேலை. நான் கேட்பது வேறு. அந்த இளைஞர் உள்ளே இருந்த நாட்களில், "என் மகன் எங்கே, எப்போது, யாரால், எதற்காகப் பிடிக்கப்பட்டான்?" என்று ஒரு தாய் கேட்டிருந்தால், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு வரி எழுத்து எங்கேயாவது இருந்திருக்குமா?

அந்த ஒரு வரியைப் பற்றியதே இச்சொற்பொழிவு முழுவதும். கைதானவனைக் காப்பதற்காகவே உண்டான இப்பதிவு, அவனுக்கு மிகவும் வேண்டியிருக்கும் முதல் நாளில் யாருக்கும் எட்டாமல் இருப்பதும், அவன் நிரபராதி என்று தீர்ந்த பின்னர், பத்து வருஷம் கழித்து, யாவர்க்கும் எட்டுவதாய் அவனைத் தொடர்ந்துகொண்டிருப்பதும் நம் நாட்டில் ஏற்பட்டிருக்கும் ஒரு விபரீதம் என்பது என் துணிபு.

கைதானவனைப் பற்றிய எழுத்து அவன் சார்பினருக்குக் கிடைக்கவேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் 1679-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட ஆட்கொணர்வுச் சட்டம், சிறையில் வைக்கப்பட்டவனோ அவன் சார்பில் ஒருவனோ கேட்டால், எந்த உத்தரவின்மேல் அவனை அடைத்திருக்கிறது என்பதன் நகலை ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்தல் வேண்டும் என்றும், கொடாத சிறை அதிகாரி முதல் தடவைக்கு நூறு பவுன் அபராதம் செலுத்தவேண்டும் என்றும் விதித்தது. மோட்டார் வண்டியும் தந்தியும் இல்லாத காலத்தில் ஆறு மணி நேரம் போதும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

நம் பக்கத்துக் கதை இன்னும் உருக்கமானது. வட ஆர்க்காடும் உள்ளடங்கிய சென்னை ராஜதானியில், நிலவரி வசூலிப்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒரே தாசில்தாரின் கீழ்ச் சேவகர்களாக இருந்த நாட்களில், வரி பாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் குடியானவர்களைத் துன்புறுத்தும் வழக்கம் பரவியிருந்தது. இதை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் மூவரடங்கிய கமிஷன் ஒன்று அமைக்கப்பட்டது. 1855-இல் அது வெளியிட்ட அறிக்கையில், விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டியும், தலையைக் காலோடு பிணைத்துக் குனியவைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் பெயர் சொல்லி வருணிக்கப்பட்டிருக்கின்றன. கமிஷனிடம் வந்த முறையீடுகள் 1,959. போக்குவரத்து வசதி இல்லாத அந்நாளில் குடியானவர்கள் நெடுந்தூரம் நடந்தே வந்து தம் குறையைச் சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்தால் மனம் கசிகிறது. அவ்வறிக்கையின் பயனாக வரி வேலையும் போலீஸ் வேலையும் பிரிக்கப்பட்டு, 1859-இல் இந்த ராஜதானிக்கென்று தனிப் போலீஸ் சட்டம் பிறந்தது. 1861-ஆம் வருஷத்து இந்தியப் போலீஸ் சட்டம், ஒவ்வொரு நிலையத்திலும் பொது நாட்குறிப்பு ஒன்று இருக்கவேண்டும் என்றும், பிடிக்கப்பட்ட எல்லோருடைய பெயர்களும் அதில் எழுதப்படவேண்டும் என்றும் விதித்தது. ஆகவே பெயரை எழுதும் கடமைக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்நாட்குறிப்பை வரவழைத்துப் பார்க்கும் உரிமை மாஜிஸ்திரேட்டுக்கே தரப்பட்டது. வெளியே மரத்தடியில் காத்திருந்த தந்தைக்கு அதில் இடம் இல்லை. அதிகாரி எழுதி மேலதிகாரி பார்ப்பதாக இருந்த அவ்வேடு ஜனங்கள் பக்கமாகத் திரும்புவதற்கு நூற்று முப்பத்தைந்து வருஷங்கள் பிடித்தன.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் 22-ஆம் பிரிவில், கைதின் காரணத்தை அறியவும், தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தப்படவும் கைதானவனுக்கு உரிமை தந்தது. எனினும், கைது நடந்ததே வெளியே தெரியாதபோது அவ்வுரிமைகளை யார் அவன் பொருட்டுக் கேட்பது? 1994-இல் உத்தரப்பிரதேசத்து இளம் வக்கீல் ஒருவர் காவலில் வைக்கப்பட்டு, எங்கே இருக்கிறார் என்று குடும்பத்தார் அறியாமல் தவித்த வழக்கில், கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது கட்டாயம் என்று உச்சநீதிமன்றம் கூறியது. அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1986 ஆகஸ்டில், மேற்கு வங்கத்துச் சட்ட உதவி அமைப்பின் தலைவராக இருந்த டி.கே. பாசு, காவல் நிலைய மரணங்களைப் பற்றித் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பர் 18-ஆம் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ.எஸ். ஆனந்த் இருவரும் பதினொரு கட்டளைகள் அடங்கிய தீர்ப்பை வழங்கினர். பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இங்கே ஒரு விசேஷம் உண்டு. தோல் பதனிடும் கழிவு நீரால் நம் ஆறும் கிணறுகளும் பாழாவதைக் குறித்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், அதே 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பு எழுதியவரும் குல்தீப் சிங்கே. நான்கு மாதத்துக்குள் வந்த அவ்விரண்டு தீர்ப்புகளில் ஒன்றை இப்பக்கத்தில் அறியாதார் இல்லை. மற்றொன்றை அறிந்தார் சிலரே.

அப்பதினொரு கட்டளைகளில் நம் விஷயத்துக்கு உயிரானவை மூன்று. கைதின்போதே ஒரு குறிப்பாணை எழுதப்பட்டு, குடும்பத்தில் ஒருவரோ அவ்விடத்துப் பெரிய மனிதர் ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் குறித்துக் கைதானவரும் கையொப்பமிட வேண்டும். யாருக்குச் செய்தி சொல்லப்பட்டது, எந்த அதிகாரியின் வசம் அவர் இருக்கிறார் என்பது நிலைய நாட்குறிப்பில் ஏறவேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு அத்தகவல் சென்று, அங்கே கண்ணில் படும்படியான பலகையில் ஒட்டப்படவேண்டும். பின்னர் நாடாளுமன்றம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, 41-சி என்னும் பிரிவாக இப்பலகை விதியைச் சேர்த்தது. 2010 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே 2015 ஜூனில் இது தேசத்தின் சட்டமாகவே இருந்தது என்பதை நினைவில் வைக்கவேண்டும். 2024 ஜூலை 1-ஆம் தேதி பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை 37-ஆம் பிரிவில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மாவட்டத் தலைமையிடத்தில் மட்டுமன்றி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரி இதற்கென்றே நியமிக்கப்படவேண்டும்; கைதானவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை அவர் பேணவேண்டும்; மின்னணு முறையிலாவது வேறு எம்முறையிலாவது அவை நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்படவேண்டும். சட்டம் 'வைக்கலாம்' என்று சொல்லவில்லை. 'வைக்கவேண்டும்' என்றே சொல்கிறது.

இனி, வீட்டில் ஒருவரைப் பிடித்துச் சென்ற இரவில் என்ன செய்வது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மற்றவை மறந்துபோனாலும் இது நினைவில் நிற்கட்டும்.

பிடிக்க வந்தவரிடம் முதலில் கேட்கவேண்டியது, எந்த நிலையம், என்ன பெயர் என்பது. அந்தப் புதிய சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்கவேண்டும். வீட்டில் வைத்துப் பிடித்தால், கைதுக் குறிப்பாணையில் சாட்சியாகக் கையெழுத்திடும் உரிமை வீட்டாருக்கு உண்டு. கையெழுத்திடும்போது நேரம் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு அந்த நேரத்திலிருந்தே தொடங்குகிறது. இரவு 10 மணிக்குப் பிடித்தவரை மறுநாள் மாலை 4 மணிக்குப் பிடித்ததாக எழுதிவிட்டால், அந்தப் பதினெட்டு மணி நேரத்தை எந்தச் சட்டத்தாலும் பிறகு மீட்க முடியாது. வேலை செய்யும் இடத்திலோ சாலையிலோ பிடித்திருந்தால், கைதானவர் பெயர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ வேறெவருக்கோ 48-ஆம் பிரிவின்படி உடனே தகவல் சொல்லவேண்டும். சொன்ன விவரத்தை நிலையத்துப் புத்தகத்தில் எழுதவேண்டும். நடுவர் முன் ஆஜர் செய்யும்போது அது நிறைவேறியதா என்று அவர் கேட்டறியவேண்டும். கைதின் காரணங்களை எழுத்து மூலமாக, கைதானவருக்குத் தெரிந்த மொழியில் தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 நவம்பரில் எல்லாக் குற்றங்களுக்கும் விரித்து உரைத்திருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, தமிழோ உருதுவோ மட்டும் அறிந்தவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்ற காலம் போயிற்று.

நிலையத்துக்குப் போகும்போது தனியாகப் போகாமல், ஊரில் மதிப்புள்ள ஒருவரையும் எழுதத் தெரிந்த ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே "37-ஆம் பிரிவின் கீழ் நியமிக்கப்பட்ட அதிகாரி யார்? கைதானவர் பட்டியலைப் பார்க்கவேண்டும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றாலும் அதுவும் ஒரு தகவலே. கேட்ட நேரத்தையும் பதில் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வேலூரில் உள்ள மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. இங்கே ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கிறது. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. பள்ளிகொண்டா வேலூரிலேயே நின்றது. காலையும் மாலையும் கம்பெனி வண்டிகளில் ஜனங்கள் போய்வரும் ஒரே பாதையின் நடுவில் மாவட்ட எல்லை விழுந்துவிட்டது. ஆம்பூரில் குடியிருக்கும் ஒருவரைப் பள்ளிகொண்டா நிலையத்தார் பிடித்தால், அவர் பெயர் வேலூர்ப் பலகையில் இருக்கும். குடும்பத்தாரோ திருப்பத்தூருக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரே இடத்தில் எல்லா மாவட்டப் பெயர்களையும் தேடும் வசதி இருந்தால்தான் இத்துன்பம் தீரும். பொதுமக்கள் அறிவதற்காக மாநிலத் தலைமையிடத்தில் அப்படியொரு தொகுப்பைப் பேணவேண்டும் என்று 2010-இல் வந்த சட்டமே சொல்லியிருந்தது.

அடுத்து வேண்டியது ஒரு வக்கீலின் துணை. அதற்கு உதவும் வேலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. 15100 என்னும் எண்ணில் கூப்பிட்டாலும் உதவி கிடைக்கும். காவலில் இருப்பவர் யாராயினும், அவருடைய வருமானம் எவ்வளவாயினும், இலவசமாக வக்கீல் பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு.

மேலே சொன்ன யாவும் போலீஸார் அதைக் கைது என்று ஒப்புக்கொண்டால்தான். "கைது இல்லை, விசாரணைக்குத்தான் அழைத்து வந்திருக்கிறோம், அனுப்பிவிடுவோம்" என்று சொல்லிவிட்டால், குறிப்பாணையும் இல்லை, பலகையும் இல்லை, இருபத்துநான்கு மணி நேரக் கணக்கும் இல்லை. நம் ஜனங்கள் இந்தப் பதிலைக் கேட்டுத் தலையசைத்துத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் விசாரணைக்கு அழைப்பதற்கும் சட்டத்தில் எழுத்து உண்டு. சாட்சியாக அழைத்தால் 179-ஆம் பிரிவின் கீழ் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். பெண்களையும் அறுபது வயது கடந்தவர்களையும் பதினைந்து வயது நிரம்பாதவர்களையும் அவர்கள் வீட்டுக்கே வந்துதான் விசாரிக்கவேண்டும். சந்தேகத்துக்கு உரியவராக அழைத்தால் 35-ஆம் பிரிவின் கீழ் அறிவிப்பு வேண்டும். இவ்விரண்டு தாளும் இல்லாமல் ஒருவர் தம் விருப்பப்படி எழுந்து வெளியேற முடியாத நிலையில் வைக்கப்பட்டிருந்தால், அதற்கு என்ன பெயர் இட்டாலும் அது காவலே. அச்சமயத்தில் உரிய மருந்து உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. நம் ஊர்த் தோல் மண்டியில் கட்டு வந்து இறங்கியவுடன் எண்ணிக் குறிக்காமல் ஒரு தோலையும் உள்ளே எடுக்கமாட்டார்கள். உள்ளே வரும் மனிதனுக்கு அதே அளவு கணக்காவது வேண்டும் என்று நாம் கேட்பது அதிகமன்று.

பதிவு இல்லாமையின் பயங்கரத்தைக் கேரளத்து ராஜன் வழக்கு உலகுக்குக் காட்டியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1-ஆம் தேதி, கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவரான அவரைப் போலீஸார் கொண்டுபோனார்கள். அவர் தந்தை ஈச்சர வாரியர் அதிகாரிகள், மந்திரிகள் வீடு வீடாக ஏறி இறங்கினார். எவரும் பிடித்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. எந்த ஏட்டிலும் அப்பெயர் இல்லை. நெருக்கடி நிலை நீங்கியபின் அவர் தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், மகன் போலீஸாரால் பிடிக்கப்பட்டது உண்மை என்று 1977 ஏப்ரலில் கேரள உயர்நீதிமன்றம் கண்டது. அதன் விளைவாக, முதலமைச்சராக இருந்த கருணாகரன் பதவி விலகினார். ஆனால் மகனின் உடல்கூடத் தந்தைக்குக் கிடைக்கவில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில், 2009-இல் யுத்தம் முடிந்தபோது ராணுவத்தினரிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலைத் தா என்று தமிழ்த் தாய்மார்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் அமர்ந்து கேட்டுவருகிறார்கள். அந்நாட்டின் 1996-ஆம் ஆண்டு மனித உரிமை ஆணைக்குழுச் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் நடக்கும் ஒவ்வொரு கைதையும் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது. சட்டம் இருந்தும் பட்டியல் கிடைக்காத துக்கத்தை அத்தாய்மார்களைவிட அறிந்தவர் யார்?

முதல் நாள் கடந்தபின் பிற ஏடுகள் திறக்கின்றன. அவற்றுள் முதன்மையானது முதல் தகவல் அறிக்கை. யூத் பார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்னும் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் நம் மாநிலத்தவரான சி. நாகப்பனும் 2016 செப்டம்பர் 7-ஆம் தேதி அளித்த தீர்ப்பின்படி, ஒவ்வொரு முதல் தகவல் அறிக்கையும் 24 மணி நேரத்துக்குள், இணைய வசதி குன்றிய இடங்களில் 72 மணி நேரத்துக்குள், போலீஸ் இணையதளத்தில் ஏறவேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான பாலியல் குற்றங்களும், பயங்கரவாதம் முதலியனவும் விலக்கு. அவ்வாறு விலக்கி வைக்கும் முடிவையும் டி.எஸ்.பி. தரத்துக்குக் குறைந்தவர் எடுக்கக்கூடாது. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் இவற்றைக் கொடுத்து யாரும் இதைப் பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். முதல் தகவல் அறிக்கை குற்றம் நடந்ததாக வந்த செய்தியின் பதிவு. அதில் பெயர் இருப்பவர் கைதாகாமல் இருக்கலாம், கைதானவர் பெயர் அதில் இல்லாமலும் இருக்கலாம். நிலையத்தில் புகார் கொடுத்தவுடன் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோ இவ்விரண்டும் அன்று. புகார் வந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி.

முதல் தகவல் அறிக்கையின் எண் கிடைத்துவிட்டால், அதைக் கொண்டே இ-கோர்ட்ஸ் தளத்தில் நீதிமன்ற வழக்கின் நிலையையும் தேடலாம். ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போய் நிற்கலாம்; நீதிமன்றம் பொதுவாக யாவர்க்கும் திறந்த இடமே. வழக்கில் சம்பந்தப்பட்டவர் நகல் மனுக் கொடுத்து ஆவணங்களின் நகலைப் பெறலாம்; அந்நியராயின் காரணம் காட்டி நீதிமன்றத்தின் அனுமதியை வேண்டவேண்டும். குற்றப்பத்திரிகையை மட்டும் இணையத்தில் எல்லோருக்கும் வெளியிடவேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியே என்பது என் அபிப்பிராயம். விசாரணையில் பரீக்ஷிக்கப்படாத சாட்சியங்கள் நிறைந்தது குற்றப்பத்திரிகை. அதை ஊரெல்லாம் படித்துவிட்டால், நீதிபதி தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே தெரு தீர்ப்பு எழுதிவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நம் இளைஞர் பலர் அறிவர். பத்து ரூபாய்க் கோர்ட் வில்லை ஒட்டிய ஒரு தாள் போதும். பொதுவாக முப்பது நாள் கெடு என்பதும் தெரியும். ஆனால் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலாயின் 48 மணி நேரத்துக்குள் பதில் தரவேண்டும் என்னும் 7-ஆம் பிரிவின் வாசகம் அநேகர் கண்ணில் படுவதில்லை. கைதைப் பற்றிய மனுவில் அதை முதல் வரியிலேயே எழுதவேண்டும். "விசாரணை நடக்கிறது, தரமுடியாது" என்று பதில் வந்தால் அத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. விசாரணை நிலுவையில் இருப்பது மட்டுமே மறுப்பதற்குக் காரணமாகாது, தகவல் தருவதால் அது எவ்வாறு தடைப்படும் என்று காட்டவேண்டும் என 2007-இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு நபரின் பெயரைக் கேளாமல், குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட நிலையத்தில் எத்தனை பேர் கைதாயினர், 37-ஆம் பிரிவின் அதிகாரி யார், பலகை எந்தத் தேதியிலிருந்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால், தனியுரிமை என்ற மறுப்புக்கும் இடமில்லை. காவல் நிலையங்களின் கேமராப் பதிவுகளையும் இச்சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் மடிந்த வழக்கில், அன்றைய காட்சிகள் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவரின் விசாரணை வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், கேமராக்கள் எல்லா நிலையங்களிலும் இருக்கவேண்டும், பதிவுகள் பதினெட்டு மாதம் வரை காக்கப்படவேண்டும் என்று ஆணையிட்டது.

இதுகாறும் பதிவு வேண்டும் என்று வாதித்தேன். பதிவால் வரும் துன்பத்தையும் சொல்லாவிடில் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். ஆம்பூர்க் கலவர வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 22 பேரைக் குற்றவாளிகள் என்று கண்டு, 161 பேரை விடுதலை செய்து, 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து வருஷங்களாக அந்த 161 பேரும் கலவரக்காரர் என்ற பெயரைச் சுமந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்யும்போதும், வளைகுடா நாட்டு வேலைக்கு நன்னடத்தைச் சான்று கேட்கும்போதும், பெண் கேட்டுச் செல்லும் வீட்டிலும் அப்பெயர் அவர்களுக்கு முன்னே போய் நின்றிருக்கும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைதானவரின் பெயரும் படமும் அன்றே யாவர்க்கும் கிடைக்கின்றன. அப்படங்களைத் திரட்டி வெளியிட்டு, நீக்குவதற்குப் பணம் கேட்கும் வியாபாரமே அங்கே தோன்றி, அதைத் தடுக்கச் சில மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக, குற்றம் சாட்டப்படும் வரை விசாரணைக்கு உள்ளானவருக்குத் தனியுரிமை உண்டு என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2022-இல் கூறியது. நம் சென்னை உயர்நீதிமன்றத்தில், விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கேட்டபோது, அதற்குச் சட்டம் இல்லை என்று 2021-இல் மனு தள்ளுபடியாயிற்று. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அவர் கோரிக்கையை ஏற்றது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

என் மனத்தில் இதற்கு ஒரு வழி தெளிவாகவே தோன்றுகிறது. கைதுப் பலகை காவலில் உள்ளவரின் பத்திரத்துக்காக ஏற்பட்டது. எனவே அது உடனே எழுதப்படவேண்டும், யாவரும் பார்க்கக் கிடைக்கவேண்டும், அவர் நீதிமன்றத்தின் பொறுப்புக்கு வந்தபின் சில நாட்களில் பலகையிலிருந்து இறங்கவேண்டும். ஏடு நிலையத்தில் இருக்கும். சம்பந்தப்பட்டவரும் நீதிமன்றமும் வேண்டும்போது பார்க்கலாம். இளஞ்சிறாரின் பெயரும், பாலியல் கொடுமைக்கு உள்ளானவரை அடையாளம் காட்டும் எதுவும் எந்நாளும் பலகையில் ஏறக்கூடாது. இப்போதைய சட்டமும் அதுவே.

இணையத்தில் ஏறிய முதல் தகவல் அறிக்கையோ வேறு வகை. விடுதலைத் தீர்ப்பு வந்தால் அதே பக்கத்தில் அதைச் சேர்க்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கட்டளையிடவில்லை; ஆயினும் போலீஸ் தளமும் நீதிமன்றத் தளமும் ஒரே எண்ணால் இணையக்கூடியவை ஆதலின், அவ்வாறு சேர்ப்பது யந்திரத்துக்குக் கடினமான காரியம் அன்று. சாட்டிய குற்றத்தைப் படிப்பவன் தீர்ந்த முடிவையும் அங்கேயே படிக்கும்படி செய்ய மாநில அரசின் ஓர் ஆணை போதும். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை ஆகிய மூன்று மாவட்டங்களின் கைதானவர் பட்டியலையும் ஒரே இடத்தில் தேடும்படி செய்வதற்கும் அதுவே போதும். இவ்விரண்டையும் கோரி உள்துறைச் செயலருக்கும் காவல்துறைத் தலைமை இயக்குநருக்கும் அனுப்பவேண்டிய விண்ணப்பம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் அனுமதித்தால் அது வாயிற்புறத்து மேசையில் வைக்கப்படும். படித்துப் பார்த்து, திருத்தவேண்டியதைத் திருத்தி, உடன்படுவோர் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.